பிருங்கி முனிவரின் பேனா

திருவண்ணாமலையில் மாட்டுப் பொங்கலன்று திருவூடல். கணவனோடு கோபித்துக்கொண்ட அம்மன் தனியாகக் கோயிலுக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொள்வாள். சுவாமி அன்றிரவு குமரக்கோயிலில் தங்கி, மறுநாள் கிரிவலம் போய்த் திரும்பிய பிறகுதான் மறுவூடல், சமாதானம். சண்டை நடக்கும் தெருவுக்கே திருவூடல் தெரு என்று பெயர். சண்டைக்குக் காரணம் பிருங்கி முனிவர். சிவனை மட்டும்தான் வலம்வருவேன், பக்கத்தில் இருப்பவளை வணங்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தவர். இருவரும் ஒரே உடலாக நின்றபோது வண்டாக உருமாறி, அந்த உடலைத் துளைத்து, சிவனுடைய பாதியை மட்டும் சுற்றிவந்தார் என்று புராணம் சொல்கிறது.

அந்த முனிவர் எங்கும் போய்விடவில்லை. நம் வரலாற்று நூல்களை அவர்தான் எழுதிக்கொண்டிருக்கிறார். ஒரு ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து வாழ்ந்த வாழ்க்கை எதுவானாலும் அதைத் துளைத்து, ஆணை மட்டும் சுற்றிவந்து, பெண்ணுக்கு ஒரு வரி ஒதுக்கிவிட்டுப் போகிறார். அந்த ஒரு வரியில் பெரும்பாலும் ஒரே சொல்தான் இருக்கும்: மனைவி.

அப்படி ஒரு வரியில் அடைக்கப்பட்ட ஓவியர் ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். பெயர் மாக்டா நாஹ்மன். ரஷ்யாவில் பிறந்து, பெர்லினில் வாழ்ந்து, பம்பாயில் குடியேறி, அங்கேயே இறந்தவர். தமிழில் அவர் பெயர் எங்காவது வந்தால், 'எம்.பி.டி. ஆச்சார்யாவின் ரஷ்ய மனைவி' என்றுதான் வருகிறது.

ஆச்சார்யாவைத் தமிழ் வாசகர்களில் சிலருக்காவது தெரியும். மண்டயம் பார்த்தசாரதி திருமலாச்சார்யா. 1887இல் சென்னையில் பிறந்தவர். அவருடைய மண்டயம் குடும்பத்தார் நடத்திய 'இந்தியா' பத்திரிகையில்தான் பாரதி உழைத்தார். பிரிட்டிஷாரின் நெருக்கடியில் அந்தப் பத்திரிகை 1908இல் புதுச்சேரிக்குப் போனது. எங்கள் ஊரிலிருந்து நூறு கிலோமீட்டர் சொச்சம் தூரம்தான். ஆச்சார்யா அங்கிருந்து ஐரோப்பா போனார். லண்டனில் வ.வே.சு. ஐயர் இருந்த இந்தியா ஹவுஸ் வட்டத்தில் சேர்ந்தார். பிறகு பெர்லின், காபூல், தாஷ்கண்ட், மாஸ்கோ. 1919இல் லெனினைச் சந்தித்த இந்தியர் குழுவில் இருந்தார். 1920இல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி உருவானபோது அதன் நிறுவனர்களில் ஒருவர். எம்.என். ராயோடு முரண்பட்டு விலகி, அரசே கூடாது என்னும் அனார்க்கிஸ்ட் ஆனார். எழுதத் தகுந்த வாழ்க்கைதான். சி.எஸ். சுப்பிரமணியம் 1995இல் அவரைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

அவரைக் குறைத்துச் சொல்வது என் நோக்கம் இல்லை. மாஸ்கோவில் 1921இல் அவர் சந்தித்த பெண்ணுக்கு அப்போது 32 வயது. முறையாகப் பயின்ற ஓவியர். யாருடைய மனைவியும் ஆவதற்கு முன்பே ஒரு முழு வாழ்க்கை வாழ்ந்தவர். அந்த வாழ்க்கையைத் துளைத்துக்கொண்டு போனவர்கள்மீதுதான் என் கோபம்.

மாக்டா 1889இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கை ஒட்டிய பாவ்லோவ்ஸ்கில் பிறந்தார். தந்தை யூதர், தாய் பால்டிக் ஜெர்மன் லூத்தரன் குடும்பத்தவர். 1907 முதல் ஸ்வான்சேவா ஓவியப் பள்ளியில் படித்தார். எலிசவேதா ஸ்வான்சேவா என்ற பெண் நிறுவிய பள்ளி அது. ஆசிரியர்கள் சாதாரணமானவர்கள் அல்லர். ரஷ்ய பாலே அரங்குகளுக்கு ஆடையும் திரையும் வடிவமைத்து உலகப் புகழ்பெற்ற லியோன் பாக்ஸ்ட், தொபுஜின்ஸ்கி, பின்னர் பெத்ரோவ்-வோட்கின். மார்க் ஷகாலும் பாக்ஸ்டிடம் இதே பள்ளியில் சிறிது காலம் படித்தவர். ஷகாலின் பெயரை ஓவியம் பற்றி எதுவும் தெரியாதவர்களும் கேள்விப்பட்டிருப்பார்கள்.

1913 கோடையில் கிரிமியாவின் கோக்தெபெலில், கவிஞர் வொலோஷினின் வீட்டில் எழுத்தாளர்களும் ஓவியர்களும் கூடியிருந்தார்கள். மாக்டா அங்கே மரீனா ஸ்வெதாயெவாவை வரைந்தார். ரஷ்ய மொழியின் மாபெரும் கவிஞர்களில் ஒருவரான ஸ்வெதாயெவாவுக்கு அப்போது இருபது வயது. அவரை நேரில் உட்காரவைத்து எண்ணெய் வண்ணத்தில் தீட்டியதாக இன்று நாம் அறிந்த உருவப்படம் அது ஒன்றுதான். ஒரு மொழி தன் கவிஞரின் முகத்தை வண்ணத்தில் பார்க்க முடிகிறதென்றால், அதற்குக் காரணம் மாக்டாவின் கை.

புரட்சியும் உள்நாட்டுப் போரும் பஞ்சமும் வந்தன. கிராமத்து நாடக அரங்கு ஒன்றுக்குத் திரை எழுதிப் பிழைத்தார். 1922இல் ஆச்சார்யாவோடு பெர்லின் போனார். அங்கே பன்னிரண்டு ஆண்டுகள். கண்காட்சிகள் நடந்தன. 1928இல் நடந்த ஒன்றைப் பற்றி ரஷ்யப் பத்திரிகையில் மதிப்புரை எழுதியவர், அப்போது அதிகம் அறியப்படாத விளதிமிர் நபொகோவ். 1933இல் நபொகோவையே மாக்டா வரைந்தார். அந்தப் படம் தொலைந்துவிட்டது. அதே ஆண்டு ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூதத் தந்தையின் மகளும், பழுப்பு நிறமுள்ள ஒரு புரட்சிக்காரனும் பெர்லினில் இருக்க முடியாது. சுவிட்சர்லாந்து வழியாக ஆச்சார்யா 1935இல் பம்பாய் வந்தார். மாக்டா 1936இல் வந்து சேர்ந்தார்.

இங்கே சட்டத்தையும் கவனிக்க வேண்டும். 1914ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டப்படி கணவனின் குடியுரிமைதான் மனைவியின் குடியுரிமை. ஆச்சார்யா ராஜ்ஜியத்தின் எதிரியாக நாடற்றுத் திரிந்த காலமெல்லாம் அவரும் நாடற்றவர். கணவனுக்குக் கடவுச்சீட்டு கிடைத்த பிறகுதான் அவருக்கும் வழி திறந்தது. ஒரு பெண்ணை 'இன்னாரின் மனைவி' என்று முதலில் எழுதிவைத்தது ஏகாதிபத்தியத்தின் குடிவரவு அலுவலகம். ஏகாதிபத்தியத்தை எதிர்த்தவர்களின் வரலாற்றை எழுத வந்த நம்மவர்கள் அதே படிவத்தைத்தான் நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

பம்பாயில் அவர் பதினைந்து ஆண்டுகள் வேலை செய்தார். பாம்பே ஆர்ட் சொசைட்டியின் கண்காட்சிகளில் பங்கேற்றார். உருவப்படங்கள் வரைந்தார். வியன்னாவிலிருந்து நாஜிகளிடம் தப்பி வந்த நடனக் கலைஞர் ஹில்டே ஹோல்கர் பம்பாயில் நடனப் பள்ளி நடத்தினார். அவரோடு சேர்ந்து உழைத்தார். 1951 பிப்ரவரி 12. அவருடைய தனிக் கண்காட்சி பம்பாயில் தொடங்க இருந்த நாள். தொடங்குவதற்குச் சில மணி நேரம் முன்பு இறந்துபோனார். வயது 61. கண்காட்சி ஓவியர் இல்லாமல் திறக்கப்பட்டது.

இப்போது வழக்குக்கு வருகிறேன். முதல் குற்றச்சாட்டு, விடுதலை வரலாறு எழுதுபவர்கள்மீது.

ஒரு புரட்சிக்காரன் நாடு நாடாக அலைகிறான், கட்டுரை எழுதுகிறான், சிறு பத்திரிகைகளுக்கு அனுப்புகிறான். இதில் எதற்கும் ஒழுங்கான சம்பளம் கிடையாது. அப்படியானால் வீட்டு வாடகை? ரொட்டி? ஆச்சார்யாவின் வீட்டில் அடுப்பு எரிய மாக்டாவின் தூரிகையும் உழைத்தது. பெர்லினிலும் பம்பாயிலும் அவர் காசுக்காகப் படம் வரைந்தார். கொள்கைக்கு வேண்டிய ஓய்வு நேரம் வானத்திலிருந்து விழுவதில்லை. நம் ஊர் வீடுகளில் கணவன் கட்சி வேலைக்கும் இலக்கியக் கூட்டத்துக்கும் போகையில், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டோ தையல் மெஷினை மிதித்துவிட்டோ குடும்பத்தை ஓட்டும் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆணின் வாழ்க்கை வரலாற்றில் இது 'மனைவியின் ஒத்துழைப்பு' என்று வரும். கொஞ்சம் தாராளமானவர் எழுதினால் 'தியாகம்' என்று வரும். இரண்டு சொற்களும் எனக்கு வேண்டாம். தியாகி என்றால் தன்னுடையதை விட்டுக்கொடுத்தவர். மாக்டா எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. மூன்று நாடுகளில், மூன்று அரசியல் கொந்தளிப்புகளுக்கு நடுவில், சாகும் நாள்வரை வரைந்துகொண்டே இருந்தார். அது தொழில். பிடிவாதம் என்று வேண்டுமானால் சொல்லுங்கள்.

இரண்டாவது குற்றச்சாட்டு, கலை வரலாறு எழுதுபவர்கள்மீது.

இந்திய நவீன ஓவியத்தின் கதையை எடுத்தால் 1947 பம்பாய் முற்போக்கு ஓவியர் குழு இல்லாமல் அத்தியாயம் தொடங்காது. சூசா, ரஸா, ஹுசைன், ஆரா, காடே, பாக்ரே. ஆறு பேரும் ஆண்கள். இந்த இளைஞர்களுக்குக் கைகொடுத்தவர்களாக மூன்று ஐரோப்பியக் குடியேறிகளின் பெயர்கள் தவறாமல் வரும். டைம்ஸ் ஆஃப் இந்தியாவின் கலை இயக்குநர் வால்டர் லாங்காமர், விமர்சகர் ரூடி ஃபான் லைடன், சேகரிப்பாளர் இமானுவேல் ஷ்லெசிங்கர். மூவரும் ஆண்கள். இவர்களைப் போலவே நாஜி ஐரோப்பாவிலிருந்து வெளியேறி, இதே நகரில், இதே கண்காட்சிச் சுவர்களில் படம் மாட்டிய பெண் ஓவியர் எப்படி அந்த அத்தியாயத்தில் இல்லாமல் போனார்? புரவலர், விமர்சகர், சேகரிப்பாளர் எல்லாருக்கும் நாற்காலி போட்டார்கள். பாக்ஸ்டிடம் படித்த ஓவியர் நின்றுகொண்டே இருந்தார்.

அவர் வரைந்தது உருவப்படங்கள்தானே, அதில் நவீனம் எங்கே என்று கேட்பார்கள். அந்த அளவுகோல் யார் வீட்டுக் கோல்? பிழைப்புக்காகக் கேட்டு வாங்கி வரைந்த உருவப்படம் கைவேலை, கூட்டமாகக் கூடி அறிக்கை விட்டு வரைந்தது கலை என்று பிரித்தால் பெண்கள் பெரும்பாலும் முதல் வகையில்தான் விழுவார்கள். அறிக்கை விடக் கூடிய இடங்களில் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதால் மட்டுமே விழுவார்கள்.

மூன்றாவதாக ஒரு வாதம் வரும். அதுதான் ரொம்பவும் நாகரிகமானது. 'உண்மையிலேயே பெரிய ஓவியராக இருந்திருந்தால் தெரியாமலா போயிருக்கும்? அம்ரிதா ஷேர்கில் பெண்தானே, பாதி ஹங்கேரியர்தானே, அவரை நாம் கொண்டாடவில்லையா?'

நல்ல எடுத்துக்காட்டு. அதையே பார்ப்போம். அம்ரிதா 1913இல் புடாபெஸ்டில் பிறந்தார். பாரிஸில் படித்தார். 1934இல் இந்தியா திரும்பி, அடுத்த சில ஆண்டுகளில் அஜந்தாவையும் தென்னிந்தியாவையும் பார்த்து, இங்குள்ள மனிதர்களைத் தன் திரைச்சீலைக்குக் கொண்டுவந்தார். 1941 டிசம்பர் 5 அன்று லாகூரில் 28 வயதில் இறந்தார். அவரும் ஒரு கண்காட்சி தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்புதான். அதுவரை இரண்டு வாழ்க்கைகளும் ஒன்றையொன்று பார்த்து எழுதியவைபோல இருக்கின்றன. பிறகுதான் பிரிகின்றன. அம்ரிதாவின் குடும்பம் அவருடைய ஓவியங்களைத் தேசத்திடம் ஒப்படைத்தது. டெல்லியின் தேசிய நவீன ஓவியக்கூடம் அவற்றைச் சுவரில் மாட்டியது. 1976இல் அரசு அவருடைய படைப்புகளைத் தேசியக் கலைச் செல்வமாக அறிவித்தது. மாக்டாவுக்குப் பின் நின்றவர் ஆச்சார்யா மட்டும். அவரும் வறுமையில் மூன்றாண்டுகள் கிடந்து, 1954 மார்ச்சில் பம்பாயில் இறந்தார். ஓவியங்கள் தனியார் வீடுகளுக்குச் சிதறின.

அம்ரிதாவின் மேதைமையை நான் மறுக்கவில்லை. ஆனால் மேதைமையைப் பார்க்கப் படம் கண்முன் இருக்க வேண்டும். கவிதை ஒருவர் மனப்பாடத்தில்கூடப் பிழைத்துக்கொள்ளும். ஓவியத்துக்கு ஈரமில்லாத ஓர் அறை வேண்டும், கரையான் ஏறாத சட்டம் வேண்டும், 'இது இன்னாருடையது' என்று பின்பக்கம் எழுதிவைக்க ஒரு ஆள் வேண்டும். பாரதி இறந்தபின் அவருடைய எழுத்துகளை அச்சேற்ற 'பாரதி ஆசிரமம்' என்ற பெயரில் முன்வந்தவர் செல்லம்மா. கணவனின் காகிதங்களைப் பொறுக்கி அடுக்கிக் காப்பாற்றிய மனைவிகள் நம் இலக்கியத்தில் உண்டு. மனைவியின் படைப்பைக் காப்பாற்ற ஒரு ஊர், ஒரு நிறுவனம், ஒரு மரபு எங்கே உண்டு? முதலில் பாதுகாக்காமல் விடுவது, பிறகு 'பெரியவராக இருந்தால் மிஞ்சியிருப்பாரே' என்று கேட்பது. இந்தக் கேள்வியைக் கேட்பவர்களுக்குப் பதில் தேவையில்லை, வெட்கம்தான் தேவை.

மாக்டாவைப் பற்றி இவ்வளவாவது நமக்குத் தெரிவது யாரால் என்று பாருங்கள். ஸ்வான்சேவா பள்ளியில் உடன்படித்த யூலியா ஒபலேன்ஸ்காயா தன் தோழி எழுதிய கடிதங்களைப் பத்திரமாக வைத்திருந்தார். அவை மாஸ்கோவில் ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. லீனா பெர்ன்ஸ்டைன் என்ற ஆய்வாளர் அவற்றைத் தேடிப் படித்து, மாக்டாவின் முழு வாழ்க்கை வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி 2020இல் வெளியிட்டார். ஓவியர் இறந்து ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்து. பள்ளி நடத்தியவர் பெண், கடிதம் காத்தவர் பெண், வாழ்க்கையை எழுதியவர் பெண். அரசாங்கங்களும் கட்சிகளும் இந்த வரிசையில் இல்லை.

இனி எங்கள் ஊரைப் பற்றிக் கொஞ்சம். செங்கம் சாலையில், ரமணாசிரமத்தைச் சுற்றிய தெருக்களில், பல நாடுகளிலிருந்து வந்து தங்கிவிட்ட பெண்கள் இருக்கிறார்கள். அவர்களில் மலையை வரைபவர்கள் உண்டு. நாம் அவர்களிடம் என்ன கேட்கிறோம்? எந்த சாமியாரைப் பார்க்க வந்தீர்கள், தனியாகவா வந்தீர்கள், வீட்டுக்காரர் எங்கே? என்ன வரைகிறீர்கள், யாரிடம் கற்றீர்கள், விற்றால் என்ன கிடைக்கும் என்று கேட்டவர்கள் குறைவு. கணவன் வழியாகவோ குரு வழியாகவோதான் ஒரு பெண் ஊருக்குள் வர முடியும் என்று நமக்குள் ஒரு எல்லைக்கட்டு இருக்கிறது. தொழில் வழியாக வந்தால் நமக்குப் பிடிபடுவதில்லை.

இதே கடைத்தெருவில் ஃப்ரீடா காலோவின் முகம் துணிப்பையில் தொங்குகிறது. பெண் ஓவியர் ஒருவரைச் சொல்லுங்கள் என்று நான் கேட்டபோது மாணவிகள் சொன்ன ஒரே பெயரும் அதுதான். அந்த ஃப்ரீடாவையே 1933இல் டெட்ராய்ட் நாளேடு ஒன்று, சுவரோவிய மேதையின் மனைவி பொழுதுபோக்காக வரைகிறார் என்ற தொனியில் அறிமுகம் செய்தது. இன்று டியேகோ ரிவேராவைப் பலர் ஃப்ரீடாவின் கணவராகத்தான் அறிவார்கள். வரிசையை மாற்றி எழுத முடியும் என்பதற்கு அது சாட்சி. மாற்றியவர்கள் பெண் வாசகர்களும் பெண் ஆய்வாளர்களும்.

ஒரு ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். நாளைக்கே யாராவது மாக்டாவைக் கண்டுபிடித்து, 'தமிழ்நாட்டு மருமகள்' என்று தலைப்பு போட்டு, புடவை கட்டினாரா, சாம்பார் பிடித்ததா என்று எழுதக்கூடும். அது பிருங்கியின் இன்னொரு சுற்று. நாம் அவரைச் சொந்தம் கொண்டாட வேண்டாம். அவர் வேலையைப் பார்த்தால் போதும்.

மாணவிகளிடம் எனக்குச் சில கோரிக்கைகள் உண்டு. பாரதி வட்டத்தைப் பற்றி நீங்கள் ஆய்வு செய்தால், பெயர் அகராதியில் 'ஆச்சார்யா, எம்.பி.டி.' என்ற பதிவைப் போலவே 'நாஹ்மன், மாக்டா - ஓவியர்' என்று தனிப் பதிவு போடுங்கள். கணவர் பெயர் வர வேண்டுமானால் தொழிலுக்குப் பிறகு வரட்டும். ஆண் ஆளுமைகளின் வாழ்க்கை வரலாறுகளைப் படிக்கும்போது ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு, 'இந்த மாதம் வாடகை கொடுத்தது யார்?' என்று ஓரத்தில் எழுதிவையுங்கள். உங்கள் வீட்டில் அம்மாவோ பாட்டியோ வரைந்தது, பின்னியது, எழுதியது ஏதாவது இருந்தால் பின்பக்கத்தில் அவருடைய பெயரையும் ஆண்டையும் எழுதுங்கள். 'அப்பாவின் அம்மா' என்று எழுதாதீர்கள். அவருடைய பெயரை எழுதுங்கள். தோழிகளின் கடிதங்களைக் கிழித்துப் போடாதீர்கள்.

ஆசிரியர்களிடமும் பதிப்பாளர்களிடமும் கேட்பது இன்னும் எளிது. விடுதலைப் போராட்ட நூல்கள் மறுபதிப்பு வரும்போது அந்த ஒரு வரியைத் திருத்துங்கள். ரஷ்ய மனைவி என்ற இடத்தில், ஓவியர் மாக்டா நாஹ்மன் (1889-1951) என்று போடுங்கள். பெரிய செலவு ஆகாது. நான்கைந்து சொற்களுக்கான மை போதும்.